வகை முதலில், சின்னம் பிறகு: பள்ளி வளத்தளத்தை ஒழுங்கமைத்தல்

ஆசிரியர்கள் உருவாக்கும் வளங்களுக்குப் பஞ்சமில்லை. பயிற்சித்தாள், கதைப்பாடல், காணொலி, வினாத்தாள், காகிதத்தில் செய்த கணிதக் கருவி என்று ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வாரமும் எங்கோ ஒரு வகுப்பறையில் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. அது வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் வலம் வருகிறது. பத்துப் பேர் பாராட்டுகிறார்கள். அடுத்த வாரம் ஐந்நூறு செய்திகளுக்கு அடியில் போய்விடுகிறது. அடுத்த ஆண்டு அதே பாடத்தை நடத்தும் ஆசிரியர் அதை முதலிலிருந்து செய்கிறார்.

இந்த நிலையை மாற்ற எங்கள் குறுவள மையப் பள்ளிகள் சேர்ந்து ஒரு சிறிய வளத்தளம் அமைக்க முடிவு செய்தன. பொறுப்பு என்னிடம் வந்தது. நான் கணினி ஆசிரியர் அல்லன். கணிதப் பட்டதாரி ஆசிரியர். ஆகவே, நிரல் எழுதாமல் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதை இப்பணியில் படிப்படியாகக் கற்றேன். உங்கள் பள்ளிக்கோ ஒன்றியத்துக்கோ இப்படி ஒரு தளம் அமைக்க விரும்பினால் பயன்படட்டும் என்று அந்த முறையை இங்கே பகிர்கிறேன்.

பதிவேடும் அதன் பத்திகளும்

இத்தகைய தளத்தை அமைக்க உதவும் மென்பொருளை உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்கிறோம். வேர்ட்பிரஸ், ட்ரூப்பல், ஜூம்லா ஆகியவை பரவலாகப் பயன்படுபவை. மூன்றும் கட்டணமில்லாத் திறமூல மென்பொருள்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது 2003ஆம் ஆண்டு வெளியான வேர்ட்பிரஸ்.

அதில் ‘உள்ளடக்க வகை’ என்ற சொல் அடிக்கடி வரும். நமக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டு அதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பள்ளி அலுவலக அலமாரியை நினைத்துப் பாருங்கள். வருகைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு என்று பல பதிவேடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பத்திகள் வேறு. வருகைப் பதிவேட்டில் பெஞ்சுகளின் எண்ணிக்கையை எழுத இடமில்லை. இருப்புப் பதிவேட்டில் குழந்தையின் பிறந்த தேதிக்கு இடமில்லை. உள்ளடக்க வகை என்பது அந்தப் பதிவேடு. அதிலுள்ள பத்திக்குப் ‘புலம்’ என்று பெயர். சின்னம் என்பது பதிவேட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டு; அலமாரியிலிருந்து சட்டென்று உருவி எடுக்க உதவுவது.

வேர்ட்பிரஸை நிறுவியதும் அதில் நாம் எழுதுவதற்கென்று இரண்டு வகைகளே இருக்கும்: ‘பதிவு’, ‘பக்கம்’. பயிற்சித்தாளையும் செயல்பாட்டையும் வினாத்தாளையும் ‘பதிவு’ என்ற ஒரே பதிவேட்டில் எழுதினால், சில மாதங்களில் அதுவும் ஒரு வாட்ஸ்அப் குழுவாகிவிடும். நமக்கு வேண்டிய வகைகளை நாமே உருவாக்கிக்கொள்ளும் வசதி 2010இல் வந்த 3.0ஆம் பதிப்பிலிருந்து முழுமையாகக் கிடைக்கிறது.

எதை வைத்து வகை பிரிப்பது?

திட்டமிடல் கூட்டத்தில் முதலில் எழுந்த யோசனை, கோப்பின் வடிவத்தை வைத்துப் பிரிக்கலாம் என்பது: பிடிஎஃப், காணொலி, ஒலி, படம். கைப்பேசியில் கோப்புகள் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதால் பலருக்கும் அது இயல்பாகப் பட்டது. இரண்டாவது யோசனை, பாடவாரியாகப் பிரிக்கலாம் என்பது.

அப்போது ஈராசிரியர் பள்ளியின் தலைமையாசிரியை ஒருவர் சொன்னார்: “சார், அது பிடிஎஃப்பா வீடியோவான்னு எனக்குக் கவலையில்ல. இன்னொரு டீச்சர் லீவு போட்டுட்டா அஞ்சு வகுப்பும் என் தலையில. மூணாம் வகுப்புப் பிள்ளைங்க தானா உட்கார்ந்து செய்யுற மாதிரி ஒரு வேலை கிடைச்சாத்தான் நான் அஞ்சாம் வகுப்புக்குப் பாடம் நடத்த முடியும். அதைப் பத்து நிமிஷத்துல எடுக்க முடியுமா?”

அந்தக் கேள்வியே எங்கள் அளவுகோலாயிற்று. தேடி வருபவர் இதை வைத்து வகுப்பில் என்ன செய்யப்போகிறார்? அவரிடம் உள்ள நேரம் எவ்வளவு? இந்தக் கேள்விகளுக்கான விடைதான் வகையைத் தீர்மானிக்க வேண்டும். ஒரே பிடிஎஃப் வடிவத்தில் இருந்தாலும், நகலெடுத்துக் குழந்தைகளிடம் கொடுக்கும் தாள் வேறு, ஆசிரியர் படித்துவிட்டு நடத்தும் விளையாட்டுக் குறிப்பு வேறு.

இறுதியில் நான்கு வகைகளும் அவற்றுக்கான புலங்களும் முடிவாயின.

1. செயல்பாடு: ஆகும் நேரம், தேவையான பொருள்கள், குழுவின் அளவு, வகுப்பறையா மைதானமா, செய்முறை.

2. பயிற்சித்தாள்: பக்கங்களின் எண்ணிக்கை, கறுப்பு வெள்ளையில் நகலெடுக்க முடியுமா, ஆசிரியர் உதவியின்றிக் குழந்தைகள் தாமே செய்ய முடியுமா, விடைக்குறிப்பு, கோப்பு.

3. விளக்கம்: ஓடும் நேரம், கோப்பின் அளவு, இணையமின்றி இயங்குமா, பார்த்தபின் கேட்க வேண்டிய வினாக்கள்.

4. துணைக்கருவி: தேவையான பொருள்கள், செய்ய ஆகும் காலம், எத்தனை குழந்தைகளுக்கு ஒன்று வேண்டும், எந்தெந்தப் பாடத்துக்கு உதவும்.

தலைமையாசிரியை கேட்டதற்கான விடை இரண்டாம் வகையின் மூன்றாம் புலத்தில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கோப்பின் பெயரைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. பதிவேற்றுபவரிடம் அதற்கென ஒரு புலம் கேட்டால்தான் கிடைக்கும்.

வகை சரிதானா என்று பார்க்க இரண்டு சோதனைகள்

முதல் சோதனை: இரண்டு வகைகளின் புலங்கள் ஒன்றாகவே இருந்தால் அவை ஒரே வகை. ‘பாடல்’, ‘காணொலி’ என்று தனித்தனியே வைக்கச் சிலர் விரும்பினார்கள். புலங்களை எழுதிப் பார்த்தபோது இரண்டுக்கும் ஓடும் நேரம், கோப்பின் அளவு, தொடர் வினாக்கள் என்பவையே வந்தன. எனவே இரண்டும் ‘விளக்கம்’ வகைக்குள் அடங்கின.

இரண்டாம் சோதனை: ஒரு வகையில் பாதிப் புலங்கள் எப்போதும் காலியாகவே இருந்தால் அங்கே இரண்டு வகைகள் ஒளிந்திருக்கின்றன. காகிதத்தை மடித்துப் பின்னம் கற்பிப்பது இருபது நிமிடச் செயல்பாடு. பழைய செய்தித்தாள் போதும். அட்டையில் பின்னச் சக்கரம் செய்வது இரண்டு நாள் வேலை. ஆனால் அது ஆண்டு முழுவதும் உழைக்கும். இரண்டையும் ஒரே வகையில் வைத்தால் ஒன்றுக்குக் ‘குழுவின் அளவு’ பொருந்தும், மற்றதற்குப் பொருந்தாது. செயல்பாடும் துணைக்கருவியும் இப்படித்தான் பிரிந்தன.

கணினி முன் அமருமுன் இவ்விரு சோதனைகளையும் தாளில் செய்துவிடுங்கள். உங்கள் பள்ளியில் இருக்கும் இருபது வளங்களின் பெயர்களை இருபது துண்டுச் சீட்டுகளில் எழுதி, மேசை மீது பரப்பி, இரண்டு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து அடுக்கிப் பாருங்கள். எந்தச் சீட்டுக்கு விவாதம் எழுகிறதோ அதுதான் வகைகளின் எல்லையைச் சரிபார்க்க உதவும்.

பாடமும் வகுப்பும் எங்கே போகும்?

தமிழ், கணக்கு, அறிவியல் என்பவற்றை உள்ளடக்க வகைகளாக ஆக்க வேண்டியதில்லை. தமிழ்ச் செயல்பாட்டுக்கும் கணக்குச் செயல்பாட்டுக்கும் நாம் கேட்கும் விவரங்கள் ஒன்றே. இவற்றுக்கென வேர்ட்பிரஸில் ‘வகைப்பாடு’ என்ற வேறொரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் டாக்ஸானமி என்பார்கள்.

வேறுபாடு இதுதான்: ஒரு வளம் ஓர் உள்ளடக்க வகையில் மட்டுமே இருக்க முடியும். ஆனால் எத்தனை வகைப்பாட்டுச் சொற்களை வேண்டுமானாலும் அதற்குச் சூட்டலாம். மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் பொதுவான பயிற்சித்தாளுக்கு இரண்டு வகுப்புகளையும் குறிக்கலாம். வகுப்பையே உள்ளடக்க வகையாக்கியிருந்தால் அதே தாளை இரண்டு முறை பதிவேற்ற வேண்டிவரும். பின்னர் ஒன்றில் பிழை திருத்தி மற்றொன்றை விட்டுவிடுவோம். பல்வகுப்புக் கற்பித்தல் நடக்கும் பள்ளிகளுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். நாங்கள் பாடம், வகுப்பு, பருவம் ஆகிய மூன்றையும் வகைப்பாடுகளாக வைத்தோம். நான்கு வகைகளுக்கும் அவை பொது.

தளத்தில் அமைத்தல்

பழகிப் பார்க்க வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் ஏற்றது. எதையும் நிறுவாமல் உலாவியிலேயே இயங்கும். அதில் செய்பவை தாமாகச் சேமிக்கப்படும் என்று எண்ணிவிடாதீர்கள். அது பயிற்சிக்கு மட்டும். இணைய வசதி குறைந்த பள்ளியில், ஆய்வகக் கணினி ஒன்றில் சாம்ப் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதன் மேல் வேர்ட்பிரஸை அமைத்தால், வலையமைப்பில் இணைந்த மற்றக் கணினிகளிலும் தளத்தைப் பார்க்கலாம். தள முகவரியை ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று விட்டுவிடாமல் அந்தக் கணினியின் ஐபி முகவரியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி, வகையை உருவாக்கும் படிகள்:

1. பிளகின்ஸ் பகுதியில் ‘கஸ்டம் போஸ்ட் டைப் யூஐ’ என்ற இலவச பிளகினைத் தேடி நிறுவி இயக்குங்கள்.

2. இடப்பக்கப் பட்டியலில் தோன்றும் அதன் பெயரைச் சொடுக்கி, புதிய வகை சேர்க்கும் பக்கத்துக்குச் செல்லுங்கள்.

3. முதலில் ‘ஸ்லக்’ கேட்கும். இது கணினிக்கான உட்பெயர். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளியின்றி, 20 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும்.

4. அடுத்து ஒருமைப் பெயரும் பன்மைப் பெயரும். இவற்றைத் தமிழிலேயே கொடுங்கள்: பயிற்சித்தாள், பயிற்சித்தாள்கள். ‘புதிது சேர்’ என்பதற்கான சொற்றொடரையும் மாற்றலாம். ‘ஆட் நியூ போஸ்ட்’ என்பதைவிடப் ‘புதிய பயிற்சித்தாள் சேர்’ என்று திரை சொன்னால் முதன்முறை நுழையும் ஆசிரியர் தயங்க மாட்டார்.

5. தலைப்பு, உரைப்பகுதி, முகப்புப் படம் ஆகியவற்றில் தேவையானவற்றைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அதே பிளகினில் பாடம், வகுப்பு, பருவம் ஆகிய வகைப்பாடுகளையும் உருவாக்கி நான்கு வகைகளோடும் இணையுங்கள்.

6. புலங்களைச் சேர்க்க ‘அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்’ என்ற பிளகின் உதவும். எண், தேர்வுப் பட்டியல், ஆம் அல்லது இல்லை, கோப்பு என்று ஒவ்வொரு புலத்துக்கும் அதன் தன்மையைக் குறிப்பிடலாம். கட்டாயப் புலங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். மாலை நான்கரை மணிக்குப் பதிவேற்ற அமரும் ஆசிரியரிடம் பன்னிரண்டு கட்டாயக் கேள்விகள் கேட்டால், அவர் மீண்டும் வாட்ஸ்அப்புக்கே போய்விடுவார்.

புலங்களில் நிரப்பியவை வாசகர் பார்க்கும் பக்கத்தில் தாமாகத் தோன்றிவிடா. பக்கத்தின் வார்ப்புருவில் அவற்றுக்கு இடம் ஒதுக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் கணினிப் பயிற்றுநர் ஒருவரின் உதவியைப் பெற்றேன்; ஒரு பிற்பகலில் முடிந்தது.

இரண்டு இடங்களில் சின்னம்

புதிதாக உருவாக்கிய நான்கு வகைகளும் பட்டியலில் ஒரே குண்டூசிச் சின்னத்தோடு நிற்கும். வேர்ட்பிரஸ் இயல்பாகத் தருவது அதுதான். வகை அமைக்கும் பக்கத்திலேயே ‘மெனு ஐகான்’ என்ற இடத்தில் இதை மாற்றலாம். 2013 டிசம்பரில் வந்த 3.8ஆம் பதிப்பிலிருந்து ‘டாஷ்ஐகான்ஸ்’ என்ற சின்னத் தொகுப்பு வேர்ட்பிரஸுடனேயே வருகிறது. அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சொந்தப் படமும் கொடுக்கலாம். அது நீளமும் அகலமும் 20 படப்புள்ளிகள் கொண்ட சிறு படமாக இருக்க வேண்டும்.

இந்தச் சின்னம் உள்ளே நுழைந்து பதிவேற்றும் ஆசிரியர்களுக்கு மட்டுமே தெரியும். தளத்தைப் பார்வையிடுவோருக்குத் தெரியாது. வாசகர் பக்கத்தில் சின்னம் வர வேண்டுமானால், ஒவ்வொரு வகைக்கும் உரிய வார்ப்புருவில் தலைப்புக்கு அருகே அந்தப் படத்தை ஒருமுறை வைத்துவிட வேண்டும். பிறகு அந்த வகையில் சேரும் ஒவ்வொரு வளத்திலும் அது தானாகவே வரும். எஸ்விஜி வடிவப் படங்களை வேர்ட்பிரஸ் இயல்பாகப் பதிவேற்ற விடாது. அவ்வடிவக் கோப்புக்குள் தீங்கான நிரலை மறைத்து வைக்க முடியும் என்பதே காரணம். பிஎன்ஜி படமே போதும்.

எந்தச் சின்னம்?

தேர்ந்தெடுக்க நினைத்த சின்னங்களைப் பெயரில்லாமல் அச்சிட்டு ஆறாம் வகுப்புக் குழந்தைகளிடம் காட்டினேன். மின்விளக்கு, ‘யோசனை’ என்பதற்காக உலகெங்கும் பயன்படும் சின்னம். எங்கள் குழந்தைகளோ, “கரண்ட் பாடம் சார்” என்றார்கள். பல்சக்கரம் அவர்களுக்குச் சைக்கிள். பட்டமளிப்புத் தொப்பி கல்லூரி. கத்தரிக்கோலையும் பென்சிலையும் மட்டும் தயக்கமின்றிப் ‘பண்றது’, ‘எழுதுறது’ என்று சொன்னார்கள். தினமும் கையில் பிடிக்கும் பொருளின் படம் உடனே விளங்குகிறது. பிறர் வழக்கத்திலிருந்து வந்த குறியீட்டுக்கு விளக்கம் தேவைப்படுகிறது.

துணைக்கருவிக்குக் கத்தரிக்கோல், பயிற்சித்தாளுக்குப் பென்சில், விளக்கத்துக்குக் கரும்பலகை, செயல்பாட்டுக்கு வட்டமாக நிற்கும் குழந்தைகள் என்று முடிவு செய்தோம். ஓவிய ஆசிரியர் ஒரே தடிமனான கோட்டில் நான்கையும் வரைந்து கொடுத்தார். சொந்தமாக வரைந்ததால் பிறர் படத்தை அனுமதியின்றி எடுக்கும் சிக்கலும் எழவில்லை.

செயல்பாட்டுக்குக் ‘கை’ பொருத்தமாக இருக்குமே என்று ஒருவர் கேட்டார். கை, தாமரை, இலை, சூரியன் என்றால் நம் ஊரில் குழந்தைகளுக்குக்கூட எது நினைவுக்கு வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அரசுப் பள்ளித் தளத்தில் கட்சிச் சின்னங்களை நினைவூட்டும் படங்களையும், சமயச் சின்னங்களையும் தவிர்ப்பதே முறை.

ஆயினும் தேர்தல் நடைமுறையிலிருந்து நாம் கற்க ஒன்று உண்டு. 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில், எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனி வாக்குப்பெட்டி வைத்து அதன் மேல் சின்னத்தை ஒட்டினார்கள். இன்றைய மின்னணு இயந்திரத்திலும் பெயரும் சின்னமும் அருகருகே இருக்கின்றன. நம் தளத்திலும் சின்னத்துக்குப் பக்கத்தில் பெயர் எப்போதும் இருக்கட்டும்.

நிறத்தை மட்டும் நம்பி வேறுபடுத்தக் கூடாது. உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டமும் அசைவத்துக்குப் பழுப்பு வட்டமும் இருந்தன. 2020ஆம் ஆண்டின் முகப்புச்சீட்டு விதிமுறைகள் அசைவக் குறியைப் பழுப்பு முக்கோணமாக மாற்றின. நிறங்களைப் பிரித்தறிய இயலாதவரும் இப்போது வடிவத்தைப் பார்த்தே அறியலாம். நம்மிடையே பார்வைக் குறைபாடுள்ள ஆசிரியர்கள் பலர் பணியாற்றுகிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான், படத்துக்கு நாம் எழுதும் மாற்றுரையைத்தான் படிக்கும். பெயர் பக்கத்திலேயே இருந்தால் மாற்றுரையைக் காலியாக விடுங்கள். இல்லாவிட்டால் ‘பயிற்சித்தாள் பயிற்சித்தாள்’ என்று இருமுறை ஒலிக்கும். பெயரின்றிச் சின்னம் மட்டும் வரும் இடத்தில் மாற்றுரை கட்டாயம். பின்னணிக்கும் சின்னத்துக்கும் இடையே குறைந்தது 3:1 என்ற ஒளிமாறுபாடு வேண்டும் என்று 2018இல் வெளியான இணைய அணுகல் வழிகாட்டியின் 2.1ஆம் பதிப்பு கூறுகிறது. வெள்ளைப் பின்னணியில் அடர்நீலமோ கறுப்போ இருந்தால் கவலையில்லை.

எதை எப்போது மாற்றலாம்?

சின்னத்தை எந்த நாளிலும் மாற்றலாம். திரையில் தோன்றும் தமிழ்ப் பெயரையும் மாற்றலாம். உட்பெயராகிய ஸ்லக்கை மட்டும் எண்ணித் துணிய வேண்டும். ஒவ்வொரு வளத்தின் அருகிலும் தரவுத்தளம் அந்த உட்பெயரைத்தான் எழுதி வைக்கிறது. நூறு பயிற்சித்தாள்கள் சேர்ந்தபின் அதை மாற்றினால், பழையவை பட்டியலில் தெரியாமல் போகும். அழிந்துவிடுவதில்லை, ஆனால் புதிய பெயருக்கு அவற்றை இடம் மாற்றும் வரை கண்ணில் படா. பிளகினை நிறுத்தினாலும் இதே நிலைதான். மீண்டும் இயக்கினால் திரும்பிவிடும். எனவே வகைகளை முடிவு செய்ய ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னத்துக்கு ஒரு மதிய இடைவேளை போதும்.

ஆசிரியர் மாறுதலாகிச் செல்லும்போது

தளத்தில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனிக் கணக்கு கொடுங்கள். ‘ஆத்தர்’ என்ற பொறுப்பில் இருப்பவர் தம் வளங்களைத் தாமே வெளியிடலாம், திருத்தலாம். பிறருடையவற்றில் கை வைக்க முடியாது. ‘எடிட்டர்’ பொறுப்பு உள்ளவர் அனைவருடையவற்றையும் திருத்தலாம். இரண்டு பேருக்கு மட்டும் அது போதும். மாதம் ஒருமுறை தரவுத்தளத்தையும் பதிவேற்றிய கோப்புகள் உள்ள கோப்புறையையும் வேறொரு வன்வட்டில் நகலெடுத்து வையுங்கள்.

கலந்தாய்வில் மாறுதல் பெற்ற ஆசிரியரின் கணக்கை நீக்கும்போது, அவர் எழுதியவற்றை என்ன செய்வது என்று வேர்ட்பிரஸ் கேட்கும். ‘எல்லாவற்றையும் அழி’ என்பது ஒரு தெரிவு. ‘வேறொருவர் பெயருக்கு மாற்று’ என்பது மற்றொன்று. அவசரத்தில் முதலாவதைச் சொடுக்கினால் அவருடைய பல ஆண்டு உழைப்பும் போய்விடும். கணக்கை நீக்காமல் பொறுப்பை மட்டும் குறைத்து வைப்பது இன்னும் நல்லது. அவர் பெயர் அவருடைய பயிற்சித்தாளின் கீழ் அப்படியே இருக்கும். அடுத்து வருபவர் அதை எடுத்து நகலெடுத்து, மூன்றாம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டு, ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தலாம்.